விசில் எப்போது வரும்? ஆட்டிசம் உள்ள குழந்தையின் பதற்றமும் சிபிடியும்

ஆட்டிசம் உள்ள சிறுவர் சிறுமியரில் நூற்றுக்கு ஏறக்குறைய நாற்பது பேருக்கு ஒரு பதற்றக் கோளாறும் கூடவே இருக்கிறது. 31 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2011-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு சொன்ன கணக்கு 39.6%. நாய், ஊசி, இடி என்று ஏதாவது ஒன்றின் மீது மட்டும் வரும் கடுமையான அச்சம்தான் அதில் முதலிடத்தில் நின்றது, கிட்டத்தட்ட 30%.

இவ்வளவு பரவலாக இருந்தும் பயத்தைத் தனியாக எடுத்துப் பேசுகிறவர்கள் குறைவு. ஸ்பீச் தெரபி, ஓ.டி. எனப்படும் ஆக்குபேஷனல் தெரபி, ஸ்பெஷல் எஜுகேஷன் என்று பட்டியல் வரும். ‘இந்தக் குழந்தை எதற்குப் பயப்படுகிறது?’ என்ற கேள்வி வராது. காரணம், பயம் ஆட்டிசத்தின் கணக்கிலேயே எழுதப்பட்டுவிடுகிறது. பள்ளி வேன் வரும் நேரத்தில் ஒரு பையன் வயிறு வலிக்கிறது என்கிறான். ‘நாளைக்கு யார் வருவாங்க?’ என்று ஒரே கேள்வியை இருபது தடவை கேட்கிறான். கையை உதறுவது கூடுகிறது, தூக்கம் போகிறது, கடைத்தெருவில் கட்டுக்கடங்காமல் அழுது அலறி மெல்ட்டவுன் ஆகிறான். பார்ப்பவர் அத்தனைக்கும் ஒரே பதில் சொல்கிறார்: ‘ஆட்டிசம்னா அப்படித்தான் இருக்கும்.’ அப்படியே இருக்கவேண்டியதில்லை. ஆட்டிசத்தை மாற்ற முயலாமலே, அதனோடு ஒட்டிக்கொண்ட பயத்தைச் சிபிடி என்ற உளவியல் சிகிச்சையால் குறைக்க முடியும் என்பதுதான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடவேண்டும். திடீரென்று நடத்தை மாறினால் பயம் என்று முடிவு கட்டுவதற்கு முன் பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள். வலியைச் சொல்லத் தெரியாத குழந்தை அதையும் இதே மாதிரிதான் காட்டும்.

பயம் எப்படிக் கெட்டிப்படுகிறது

சிபிடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்கு வேர் 1960-களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் இருக்கிறது. மனநல மருத்துவர் ஆரன் பெக் அங்கே மனச்சோர்வுள்ள பெரியவர்களிடம் எண்ணங்களை ஆராய்வதிலிருந்து தொடங்கினார். பிறகு அதே ஊரில் டெம்பிள் பல்கலைக்கழகத்தின் பிலிப் கெண்டல், பதற்றமுள்ள குழந்தைகளுக்காக ‘கோப்பிங் கேட்’ என்ற 16 அமர்வுத் திட்டத்தை உருவாக்கினார். பூனைப்படம் போட்ட பயிற்சிப் புத்தகம் கொண்ட அந்தத் திட்டம் ஆட்டிசத்துக்காகச் செய்யப்பட்டதல்ல. இன்று ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கென்று இருக்கும் திட்டங்கள் பலவும் அந்த அடிப்படையில் எழுந்தவை.

அடிப்படை எளிது. ஒரு எண்ணம், உடலில் ஒரு மாற்றம், ஒரு செயல். மூன்றும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகும். பிரஷர் குக்கரையே எடுத்துக்கொள்வோம். எட்டு வயதுப் பையன், ரயில் என்றால் உயிர், குக்கர் விசில் என்றால் நடுக்கம். (கற்பனைப் பையன்தான்.) அடுப்பில் குக்கரைப் பார்த்ததுமே ‘இப்போ கத்தப்போகுது’ என்று நினைக்கிறான். நெஞ்சு படபடக்கிறது. மாடிக்கு ஓடுகிறான். ஓடியதும் படபடப்பு அடங்குகிறது.

அந்த அடக்கம்தான் வினை. ஓடினால் நிம்மதி கிடைக்கிறது என்று மூளை பாடம் படித்துக்கொள்கிறது. விசில் வந்தாலும் ஒன்றும் ஆகவில்லை என்பதைத் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு ஒவ்வொரு தடவையும் பறிபோகிறது. இன்று மாடிக்கு ஓடியவன் அடுத்த மாதம் சமையலறைக்குள்ளேயே வரமாட்டான். பிறகு குக்கர் இருக்கக்கூடும் என்பதால் பாட்டி வீட்டுக்கு வரமாட்டான். அம்மா பாவம், அவன் பள்ளிக்குப் போன பிறகுதான் பருப்பு வேகவைக்கிறார். வீடு முழுக்கப் பயத்துக்கு ஏற்றபடி வளைந்துகொடுக்கிறது. அன்பினால் செய்வதுதான், குறை சொல்ல எதுவுமில்லை. ஆனாலும் அதுவும் ஓடுவதன் இன்னொரு வடிவம்.

வலியா, பயமா?

ஆட்டிசம் இல்லாத குழந்தையிடம் அநேகமாகக் கேட்கத் தேவையில்லாத ஒரு கேள்வியை இங்கே கேட்டே ஆகவேண்டும். அவனுக்கு அந்தச் சத்தம் நிஜமாகவே வலிக்கிறதா, அல்லது சத்தம் வரப்போகிறது என்பது பயமுறுத்துகிறதா?

ஆட்டிசம் உள்ள பலருக்கு ஒலி, ஒளி, தொடுகை ஆகியவை மற்றவர்களைவிடக் கூடுதலாக உறைக்கும். வலியைப் பழக்கம் என்ற பெயரில் திணிப்பது சிகிச்சை ஆகாது. ‘பிடிச்சு உட்கார வெச்சா ரெண்டு நாள்ல பழகிடும்’ என்று சொல்லும் சொந்தக்காரர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. அப்படிச் செய்தால் குக்கர் மட்டுமல்ல, பிடித்து உட்கார வைத்தவரும் பயத்தின் பட்டியலில் சேர்ந்துவிடுவார்.

பிரித்தறிய ஒரு வழி, எந்தக் கணத்தில் பதறுகிறான் என்று கவனிப்பது. விசில் அடிக்கும்போது மட்டும் காதைப் பொத்திவிட்டு அது நின்றதும் விளையாடப் போய்விட்டால் ஒலிதான் பெரிய பங்கு. காதுக்கு மேல் மாட்டும் இயர்மஃப் வாங்கிக் கொடுங்கள், பாதிப் பிரச்சினை தீரும். ஆனால் குக்கர் அடுப்பில் ஏறியதிலிருந்தே நடுங்குகிறான், முதல் விசில் வந்த பிறகு அடுத்தது எப்போது என்று காத்திருக்கும் அந்த இடைவெளிதான் தாங்கமுடியவில்லை என்றால் அது பதற்றம். விசில் குறித்த நேரத்துக்கு வராது என்பதுதான் அதன் கொடுமை. அடுத்து என்ன நடக்கும் என்று தெரியாமல் இருப்பதைத் தாங்கமுடியாமை ஆட்டிசத்தில் பதற்றத்தின் முக்கியமான ஊற்று என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இங்கிலாந்தின் நியூகாஸில் பல்கலைக்கழகத்தில் இதை மட்டுமே குறிவைத்துப் பெற்றோருக்கான பயிற்சித் திட்டம் ஒன்றை உருவாக்கியிருக்கிறார்கள். பல குழந்தைகளிடம் வலியும் பயமும் இரண்டுமே கலந்திருக்கும். அப்போது இயர்மஃபைக் கழற்றாமலே பயத்தோடு மட்டும் வேலை செய்யலாம்.

மூன்றாவதாக ஒன்றும் உண்டு. பள்ளியில் யாரோ தினமும் கேலி செய்கிறார்கள், அடிக்கிறார்கள். அதனால் பள்ளிக்குப் போக நடுங்குகிறான். அங்கே சரிசெய்ய வேண்டியது பள்ளியை. அந்தக் குழந்தையிடம் போய்ப் ‘பயத்தை எதிர்கொள்’ என்பது அநியாயம்.

இப்படிப் பிரித்தாலும் சில பயங்கள் பாடப்புத்தக வகைகளுக்குள் அடங்குவதில்லை. கானர் கெர்ன்ஸ் என்ற உளவியலாளரின் குழு அமெரிக்காவில் 7 முதல் 17 வயது வரையிலான 59 பேரை ஆராய்ந்து 2014-ல் வெளியிட்ட முடிவுகளில், 63% பேருக்கு வாழ்க்கையைப் பாதிக்கும் அளவு பதற்றம் இருந்தது. 17% பேருக்கு வழக்கமான வகை மட்டும், 15% பேருக்கு வழக்கத்தில் இல்லாத வகை மட்டும், 31% பேருக்கு இரண்டும். தாடி வைத்தவர்களைக் கண்டால் பயம், பழகிய பாதை மாறினால் பயம் என்பவையெல்லாம் இந்த வழக்கத்தில் இல்லாத வகையில் வருகின்றன. ‘இதுக்கெல்லாமா பயப்படுவாங்க?’ என்று சிரிப்பது எளிது. அவனுடைய நெஞ்சு அடித்துக்கொள்வது நிஜம்.

மாம்பலம் வந்தாச்சா?

வழக்கமான சிபிடி பேச்சில் ஓடுகிற வண்டி. ‘உனக்கு என்ன தோணுது?’, ‘அப்போ மனசு எப்படி இருந்தது?’ என்று கேட்டுக் கேட்டு நகரும். ஆட்டிசம் உள்ள பல குழந்தைகளுக்கு அந்தக் கேள்விகளே சுவர். தன் உணர்ச்சியை அடையாளம் கண்டு சொல்வது அவர்களுக்குக் கடினம். நெஞ்சு படபடப்பது, வயிறு பிசைவது போன்ற உடலின் சமிக்ஞைகளைக்கூடத் தாமதமாகத்தான் உணர்வார்கள். அதனால் சிகிச்சையின் முதல் சில அமர்வுகள் வெறும் உணர்ச்சிப் பாடமாகவே போகும். உடலின் படம் வரைந்து எங்கே என்ன ஆகிறது என்று வண்ணம் அடிப்பது, முகப்படங்களை வரிசைப்படுத்துவது என்று.

அடுத்து வருவது அளவுகோல். பயத்தை 0 முதல் 10 வரை வெப்பமானி மாதிரி வரைவார்கள். நம் ரயில் பையனுக்கு வெப்பமானி வேண்டாம், சென்னைப் புறநகர் ரயில் பாதை போதும். கடற்கரை என்றால் பயமே இல்லை. எழும்பூரில் லேசாக ஆரம்பிக்கிறது. மாம்பலத்தில் வயிறு பிசைகிறது. கிண்டி தாண்டினால் ஓடத் தோன்றுகிறது. தாம்பரம் என்றால் மெல்ட்டவுன். ‘பயமா இருக்காடா?’ என்று கேட்டால் வாய் திறக்காதவன் ‘இப்போ எந்த ஸ்டேஷன்?’ என்றால் பட்டென்று சொல்வான். குழந்தை உயிராய் நேசிக்கும் ஒன்றைச் சிகிச்சைக்குள் கொண்டுவருவது ஒரு கொசுறு விளையாட்டல்ல. இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டு நிறுவனமான நைஸ் 2013-ல் வெளியிட்ட பரிந்துரையிலேயே அது இருக்கிறது. எழுத்தும் படமும் கூடுதலாகப் பயன்படுத்துவது, அருவமான பேச்சைக் குறைப்பது, பல விடைகளிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பயிற்சித்தாள் கொடுப்பது, அடிக்கடி இடைவேளை விடுவது, பெற்றோரைச் சேர்த்துக்கொள்வது ஆகியவையும் அதே பட்டியலில் உண்டு.

எண்ணத்தோடு வேலை செய்யும் பகுதியும் இப்படித்தான் சுருங்கித் திடமாகிறது. ‘உன் எண்ணத்துக்கு ஆதாரம் என்ன, மாற்றாக எப்படி யோசிக்கலாம்?’ என்று எட்டு வயதுப் பையனிடம் விவாதம் நடத்துவதில்லை. ஒரு அட்டையில் இரண்டு வாக்கியம்: ‘குக்கர் வெடிச்சிடும்’ என்பது பய எண்ணம், ‘வெயிட் மேலே எழும்பி ஆவி வெளியே போகுது, அதான் சத்தம்’ என்பது உதவும் எண்ணம். எதை எப்போது எடுப்பது என்று பழகுகிறான். இந்தக் குழந்தைகளில் பலருக்கு இயந்திரம் எப்படி வேலை செய்கிறது என்ற விளக்கமே பெரிய ஆறுதல். ‘பயப்படாதே கண்ணு’ என்பதை நூறு தடவை சொல்வதைவிட வெயிட்டைக் கழற்றிக் காட்டுவது மேல்.

இருந்தாலும் என் பார்வையில் எண்ண அட்டைகள் துணைச் சாமான்தான். சிகிச்சையின் முதுகெலும்பு அடுத்த பகுதி.

படிப்படியாக

பயப்படும் விஷயத்தைச் சின்னச் சின்னப் படிகளாக உடைத்து, ஒவ்வொரு படியிலும் ஓடாமல் நின்று பார்ப்பது. ஆங்கிலத்தில் எக்ஸ்போஷர் என்பார்கள். படிகளைக் குழந்தையோடு சேர்ந்து எழுதவேண்டும்; எந்தப் படிக்கு எந்த ஸ்டேஷன் என்று அவன்தான் சொல்வான்.

குக்கருக்கு இப்படி இருக்கலாம். முதலில் குக்கரின் படம். பிறகு அடுப்பில் இல்லாத, ஆறிப்போன வெறும் குக்கர். மூடியைத் திறந்து மூடுகிறான், வெயிட்டைக் கையில் வைத்துப் பார்க்கிறான். அடுத்தது செல்போனில் பதிவு செய்த விசில், மிகக் குறைந்த ஒலியில். ப்ளே பட்டனை அழுத்துவது அவன் விரல். இது முக்கியம். கட்டுப்பாடு தன் கையில் இருக்கும்போது அதே சத்தம் கிண்டியிலிருந்து எழும்பூருக்கு இறங்கிவிடும். ஒலியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவதும் அவன்தான். அதற்குப் பிறகு அம்மா பட்டனை அழுத்துகிறார், முன்னாலேயே சொல்லிவிட்டு. அதன் பிறகு சொல்லாமல். இங்கேதான் நிஜமான பயத்தைத் தொடுகிறோம்: எப்போது என்று தெரியாமல் இருப்பது.

பிறகு நிஜக் குக்கர். அவன் வாசலில் நிற்க, சமையலறையில் ஒரே ஒரு விசில், உடனே அடுப்பை அணைத்துவிடுவது. சுவரில் மூன்று கட்டம் போட்ட ஒரு தாள். ஒரு விசிலுக்கு ஒரு கட்டத்தில் டிக். வாசலிலிருந்து ஹால், ஹாலிலிருந்து சமையலறை நிலைப்படி. சுடுகிற குக்கருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவது எந்தப் படியிலும் இல்லை. எங்கள் வீட்டுப் பெரியவர்களே அத்தனை பக்கத்தில் நிற்கமாட்டார்கள். நாய்ப் பயத்துக்கும் இதே நியாயம் பொருந்தும். தெருநாயைத் தடவிக்கொடுப்பது கடைசிப் படி ஆகக்கூடாது. தள்ளி நின்று, ஓடாமல், அதைக் கடந்து போவதுதான் இலக்கு. கடித்தால் ரேபிஸ் வரக்கூடிய ஊரில் நாயிடம் கொஞ்சம் எச்சரிக்கை இருப்பது நோயல்ல.

ஒரு படியில் எவ்வளவு நேரம் நிற்பது? கிண்டியில் ஏறிய பயம் கொஞ்சமாவது இறங்கும்வரை, அல்லது ‘நினைச்ச மாதிரி எதுவும் நடக்கலையே’ என்று அவனுக்கே படும்வரை. ஒரே நாளில் பல தடவை, பல நாள். முடித்ததும் பரிசு. பெரிய பொம்மை வேண்டியதில்லை, ரயில் வீடியோ பத்து நிமிடம் போதும். பயப்படாமல் இருந்ததற்காகப் பரிசு கொடுக்காதீர்கள். பயந்துகொண்டே நின்றானே, அதற்குக் கொடுங்கள்.

பழைய பயம் மூளையிலிருந்து அழிக்கப்படுவதில்லை, அதன் பக்கத்தில் ‘இது ஆபத்தில்லை’ என்ற புதிய பாடம் ஒன்று எழுதப்படுகிறது என்பது இப்போது பலர் ஏற்கும் விளக்கம். புதிய பாடம் எழுதப்பட்ட இடத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் இந்த ஒட்டல் இன்னும் இறுக்கம்: ஓரிடத்தில் கற்றதை வேறிடத்துக்குக் கொண்டுபோவது அவர்களுக்குக் கஷ்டம். கிளினிக்கில் தைரியமாக நிற்பவன் வீட்டில் மறுபடி ஓடுவான். நம் வீட்டுக் குக்கருக்குப் பழகியவன் பாட்டி வீட்டு அலுமினியக் குக்கரைப் பார்த்து அலறுவான். அதைத் தோல்வி என்று எடுத்துக்கொள்ளாமல், பாட்டி வீட்டுக்கும் தனியாகச் சில படிகள் எழுதிக்கொள்ள வேண்டும்.

இதனால்தான் பெற்றோர் இல்லாமல் இந்த வேலை நடப்பதில்லை. வாரத்துக்கு ஒரு மணி நேரம் தெரபிஸ்ட்; மீதி நேரமெல்லாம் வீடு. கேட் சோஃப்ரனாஃப், டோனி ஆட்வுட் குழுவினர் ஆஸ்திரேலியாவில் 10 முதல் 12 வயதுள்ள 71 குழந்தைகளிடம் நடத்தி 2005-ல் வெளியிட்ட ஆய்வில், குழந்தைக்கு மட்டும் சிகிச்சை கொடுத்ததைவிடப் பெற்றோரையும் சேர்த்துப் பயிற்றுவித்த குழு கூடுதலாக முன்னேறியது. பெற்றோரின் பங்கில் கடினமானது படிகளை நடத்துவதல்ல, இதுவரை வளைந்துகொடுத்ததை நிமிர்த்துவது. பருப்பை அவன் இல்லாத நேரத்தில் வேகவைப்பதை ஒரேயடியாக நிறுத்தாமல், அவனிடம் சொல்லிவிட்டு, அவன் எட்டிய படிக்கு ஏற்றபடி குறைப்பது. வீட்டில் எல்லோரும் ஒரே பேச்சாக இருக்கவேண்டும். அம்மா படியேற்ற, தாத்தா ‘பாவம்டி குழந்தை’ என்று தூக்கிக்கொண்டு மாடிக்குப் போனால் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

வேலை செய்கிறதா?

செய்கிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் ஜெஃப்ரி வுட் குழுவினர் 7 முதல் 11 வயதுள்ள 40 குழந்தைகளிடம் நடத்தி 2009-ல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசத்துக்காக மாற்றியமைத்த சிபிடி கொடுக்கப்பட்ட குழுவில் 78.5% பேரிடம் தெளிவான முன்னேற்றம். ஒப்பீட்டுக்காகச் சிகிச்சை இன்னும் தொடங்காமல் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்களில் 8.7%. கொலராடோவில் ஜூடி ரீவன் குழுவினர் பல குடும்பங்களை ஒரே அறையில் உட்காரவைத்து நடத்தும் குழுமுறைச் சிகிச்சையிலும் பாதிப் பேர் முன்னேறினார்கள்.

இன்னும் சுவையான ஆய்வு 2020-ல் வந்தது. மூன்று அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் 167 குழந்தைகள், 7 முதல் 13 வயது. ஒரு குழுவுக்குக் கெண்டலின் பழைய ‘கோப்பிங் கேட்’, இன்னொன்றுக்கு வுட் குழுவின் மாற்றியமைத்த சிகிச்சை, மூன்றாவது சிறு குழு வழக்கமாகக் கிடைக்கும் உதவிகளோடு. பூனைப்படப் புத்தகத்துக்கே சுமார் 81% பேர் பலன் காட்டினார்கள். மாற்றியமைத்ததற்குச் சுமார் 92%. வழக்கமான உதவிக்கு 11%. மாற்றியமைத்தது மேல், ஆனால் பொதுவான சிபிடியும் மோசமில்லை. ஆட்டிச நிபுணர் கிடைக்காத ஊரில் குழந்தைகளின் பதற்றத்துக்கு நன்றாகச் சிபிடி செய்யும் ஒருவர் கிடைத்தால் அவரைத் தாராளமாக அணுகலாம் என்றே இந்த எண்களை நான் படிக்கிறேன்.

ஆனால் இந்த எண்களைக் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். மருத்துவர்கள் போடும் மதிப்பெண்ணில் முன்னேற்றம் பெரிதாகத் தெரியும். பெற்றோர் போடும் மதிப்பெண்ணில் அதைவிடக் குறைவு. குழந்தையே தன்னைப் பற்றிச் சொல்வதில் பல ஆய்வுகளில் சொல்லும்படி எதுவும் தெரிவதில்லை. குழந்தைக்குத் தன் பயத்தை அளந்து சொல்லத் தெரியாததாலா, அல்லது வெளியே அமைதியாகத் தெரிந்தாலும் உள்ளே பயம் அப்படியே இருப்பதாலா என்பது இன்னும் தீராத விவாதம். ஆய்வுகளில் சேர்க்கப்பட்டவர்களும் பெரும்பாலும் பேசத் தெரிந்த, அறிவுத்திறன் குறைபாடு இல்லாத குழந்தைகள். பேச்சு வராத குழந்தைக்கு எண்ண அட்டைகள் பயன்படாது. படிகளைப் படமாக்கி, பரிசோடு, மெதுவாக ஏற்றுவதைச் செய்யலாம், ஆனால் அதற்கான ஆதாரம் இன்னும் மெலிவுதான். பதற்ற மாத்திரைகளைப் பொறுத்தவரையும் ஆட்டிசம் உள்ள குழந்தைகளிடம் அவை எவ்வளவு பலன் தரும் என்பதற்கான சான்று குறைவு. தேவையா என்பதைக் குழந்தைகள் மனநல மருத்துவர்தான் முடிவு செய்யவேண்டும். ஏற்கெனவே கொடுக்கும் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

இந்தியாவில் இதைச் செய்யத் தகுதியுள்ளவர் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள்; கேட்பதில் தவறில்லை. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடு உடையோருக்கான மத்திய அரசு நிறுவனம் இருக்கிறது, அங்கும் விசாரிக்கலாம். யாரிடம் போனாலும் முதல் நாளே சில விஷயங்களைக் கேட்டுவிடலாம். பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளும் பயிற்சி உண்டா, அல்லது மூச்சுப் பயிற்சியும் பேச்சும் மட்டும்தானா? ஒலி, தொடுகை உணர்திறனைப் பிரித்துப் பார்ப்பீர்களா? குழந்தை வேண்டாம் என்று சொன்னால் என்ன செய்வீர்கள்? வீட்டில் நாங்கள் செய்யவேண்டியதை எழுதித் தருவீர்களா, அமர்வுக்குள் நாங்கள் உட்காரலாமா? கதவைச் சாத்திக்கொண்டு, ‘நீங்க வெளியில இருங்க, நாங்க பார்த்துக்கறோம்’ என்று மட்டும் சொல்கிற இடமாக இருந்தால் வேறு இடம் பாருங்கள்.